வாசலுக்கு இறங்கி வந்த புடலங்காய்

பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள். அது உங்கள் குற்றம் இல்லை. பள்ளிக்கூடத்தில் இந்தி, மராத்தி, இங்கிலீஷ் என்று மூன்றும் தலையில் ஏறி உட்கார்ந்த பிறகு தமிழுக்கு இடம் எங்கே இருக்கிறது? ஆகவே சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுகிறேன். நானும் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். பெரிய வார்த்தை எனக்கும் வராது.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், போன வாரம் சின்னவன் கேட்ட கேள்வி.

"அப்பா, பெரியம்மா வீட்டு வாசல்ல தொங்குத மொளகா செடிக்கு நாம ஏன் மேல இருந்து தண்ணி ஊத்துதோம்? அவங்க வீட்ல தண்ணி வரலையா?"

மகனே, அந்தச் செடி அங்கே போனபோது உனக்கு நாலு வயசு. நினைவு இருக்காது. ஆனால் அந்தக் கதையில் பெரிய வேலை பார்த்தவன் நீதான். உன் அக்காவுக்குக் கொஞ்சம் நினைவிருக்கும். இரண்டு பேருக்குமாகச் சேர்த்து முழுசாகச் சொல்லிவிடுகிறேன். வெளியாள் யாராவது படித்தாலும் புரியட்டும் என்று உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நாம் இருப்பது தாராவியில் ஒரு சந்துக்குள். கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை. மேலே நாம். ஏறி வர இரும்பு ஏணி. ஏணி முடிகிற இடத்தில், கதவுக்கு முன்னால் ஒரு இரும்புத் தட்டு. ஒரு ஆள் கையை விரித்தால் இரண்டு பக்கமும் இடிக்கும். மேலே தகரம். அதற்கு நாம் வைத்த பெயர் கேலரி. தண்ணீர் டிரம், செருப்புகள், காலி சிலிண்டர், துடைப்பம், சின்னவனின் மூன்று சக்கர சைக்கிள் எல்லாம் அந்தக் கேலரியில்தான். தரையில் ஒரு கிண்ணம் வைக்கக்கூட இடம் கிடையாது.

கீழ் அறையில் இருக்கிறவரைத்தான் நீங்கள் பெரியம்மா என்று கூப்பிடுகிறீர்கள். சொந்தம் இல்லை. அவரும் திருநெல்வேலிப் பக்கம், நாமும் அந்தப் பக்கம், அவ்வளவுதான். அவர் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர். நாம் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள். நாம் கோயில் என்று சொல்வது சர்ச்சை. பெரியம்மாவின் வேலை அப்பளம் இடுவது. காலையில் மாவைத் தேய்த்து வட்டமாக்கி, வாசலில் பிரம்புக் கூடைகளைக் கவிழ்த்து அதன்மேல் காயப் போடுவார். நம் சந்துக்குள் வெயில் உச்சி வேளையில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அப்பளம் காய்ந்தாக வேண்டும். காயாத அப்பளத்தை வாங்குகிறவர் தொட்டுப் பார்த்தே திருப்பி அனுப்பிவிடுவார்.

இனி நாம் செடி வைத்த காரணத்துக்கு வருகிறேன். அதற்கு முந்தின வருஷம் உங்கள் அம்மாவுக்கு மஞ்சள் காமாலை. கண்ணெல்லாம் மஞ்சளாகி, சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவர் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த பாதியே நான் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் போதுமானதாக இருந்தது. சபைப் பெண்கள் முறை போட்டுக்கொண்டு அம்மாவின் கட்டில் பக்கத்தில் இருந்தார்கள். நான் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்குமாக ஓடினேன். நீங்கள் இருவரும் கீழ்வீட்டில் சாப்பிட்டு, கீழ்வீட்டில் தூங்கினீர்கள். அப்படி ஒரு காலம். அம்மா பிழைத்து, ஏணியை ஒவ்வொரு படியாகப் பிடித்து ஏறி வந்தாள். இன்றைக்கும் அந்த ஏணியில் அவள் வளையல் தட்டுகிற சத்தம் கேட்டால் எனக்கு மனசுக்குள் ஒரு ஸ்தோத்திரம் வந்துவிடும்.

வீட்டுக்கு வந்து உடம்பு தேறியதும் அவள் ஒன்று சொன்னாள்.

மழைக்காலம் முடிந்ததும் நம் கோயிலில் அறுப்பின் பண்டிகை வரும். ஊரில் வயல் வைத்திருந்தவர்கள் முதலில் அறுத்த கதிரையும் முதலில் காய்த்த காயையும் கொண்டுபோய் பீடத்துக்கு முன்னால் வைத்து நன்றி சொல்வார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். நம்மவர்கள் பம்பாய்க்கு ரயில் ஏறியபோது பண்டிகையும் கூடவே ஏறிவிட்டது. வயல்தான் ஏறவில்லை. அதனால் நாம் என்ன செய்கிறோம்? மாட்டுங்கா மார்க்கெட்டில் ஒரு பூசணிக்காய், இரண்டு தேங்காய் வாங்கிக் கொண்டுபோய் வைக்கிறோம். ஏலத்தில் வேறொருவர் வைத்த பூசணிக்காயை எடுத்துக்கொண்டு திரும்பி வருகிறோம். எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

அம்மா சொன்னாள்: "இந்த வருஷம் மார்க்கெட் பூசணிக்கா வேண்டாம். நம்ம கையால வளத்தது ஒண்ணே ஒண்ணு கொண்டு வைக்கணும். ஆஸ்பத்திரியில கெடக்கும்போதே ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேன்."

"சொல்லும்போது வயல் எங்க இருக்குன்னு கேக்கலையா அவரு?" என்றேன் நான்.

அவள் சிரிக்கவில்லை. கேலரியின் தகரத்தை அண்ணாந்து பார்த்தாள். "கீழதான எடமில்ல? மேல சும்மாத்தான கெடக்கு?"

இப்படித்தான் நம் தோட்டம் தொங்க ஆரம்பித்தது.

தாராவியில் மண் கிடைப்பதுதான் கஷ்டம். டப்பாவுக்குக் குறைவே இல்லை. மும்பை முழுக்கத் தூக்கிப்போட்ட பிளாஸ்டிக் எல்லாம் நம் பக்கத்து கோடவுன்களுக்குத்தான் வந்து சேர்கிறது. நான் சமையல் எண்ணெய் வந்த கேன்களாகப் பார்த்து எடுத்தேன். மருந்து வாடை அடிக்கிறதை முகர்ந்து பார்த்து ஒதுக்கினேன். சோப்புப் போட்டுக் கழுவி, மேல்பக்கத்தை வெட்டி, அடியில் ஓட்டை போட்டேன். தொங்கவிடக் கம்பி வாங்கவில்லை. நான் பை தைக்கிற கார்கானாவில் வேலை செய்கிறவன். தோளில் மாட்டுகிற நைலான் பட்டையில் துண்டு விழுந்தது நிறைய இருக்கும். முதலாளி சேட்டிடம் கேட்டு அதை வாங்கி வந்தேன். பக்கிளோடு தைத்தேன். பக்கிளைத் தளர்த்தினால் கேன் இறங்கி வரும், இழுத்தால் ஏறும். வெயில் நகர நகரக் கேனையும் ஏற்றி இறக்கலாம். பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டுகிற மாதிரி நம் தகரம் ஐந்தாறு கேன்களை மாட்டிக்கொண்டு நின்றது.

மண்ணை நர்சரியில் மூட்டையாக வாங்கினேன். அதில் கலக்க, கிங்ஸ் சர்க்கிள் பக்கம் பூக்கடைகளில் சாயங்காலம் பெருக்கித் தள்ளுகிற வாடின பூவை ஒரு பையில் அள்ளி வருவேன். அந்தப் பையோடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் நிற்கிறவர் கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறீர்களா என்று கேட்பார். தக்காளி, பச்சை மிளகாய், புதினா, கொத்தமல்லி, வெந்தயக் கீரை. எல்லாம் முளைத்தது. முளைத்த அன்றைக்கு உங்கள் அம்மா கேனைக் கீழே இறக்கி, முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பெரியவளே, நீ அதற்குள் விரலை விட்டுத் தோண்டி அடி வாங்கினாய்.

முதல் சண்டை தண்ணீரால் வந்தது. நான் வேலைக்குக் கிளம்புமுன் செடிக்கு ஊற்றிவிட்டுப் போவேன். ஊற்றினது உடனே இறங்காது. மண் குடித்து முடித்து, மிச்சம் அடி ஓட்டை வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும். எப்போது? உச்சி வேளையில். எங்கே? பெரியம்மாவின் கூடை மேல்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்தேன். பெரியம்மா ஈர அப்பளம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். அது பழைய துணி மாதிரித் துவண்டு தொங்கியது.

"தம்பி, இங்க வாங்க. இது என்னன்னு சொல்லுங்க."

"அப்பளம்க்கா."

"நானும் காலைல வரைக்கும் அப்பளம்னுதான் நெனச்சேன். இப்ப பாத்தா தோசை மாதிரில்லா இருக்கு! மேல நீங்க வெவசாயம் பண்ணுதிய, கீழ எனக்கு வெள்ளச் சேதம். இத எவன் வாங்குவான்? நீங்க வாங்குவியளா?"

சந்தில் நாலு பேர் கூடிவிட்டார்கள். எனக்கு ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் சிரிப்பு. ஒவ்வொரு கேனுக்கு அடியிலும் தண்ணீர் பிடிக்கத் தட்டு கட்டிவிடுகிறேன் என்று சொன்னேன். அவர் கோபம் இறங்கவில்லை. சமாதானம் ஆகட்டும் என்று, ஏதோ கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற தோரணையில், இன்னொன்றும் சொல்லி வைத்தேன்.

"போதாதாக்கா? சரி, இனிமே உங்க வாசலுக்கு எறங்கி வாரது எதுவானாலும் அது உங்களுக்கு. தக்காளி விழுந்தா தக்காளி, மொளகா விழுந்தா மொளகா. இத்தன பேரு சாட்சி."

"மொதல்ல தண்ணிய நிறுத்துங்க. தக்காளிய பொறவு பாப்போம்," என்றார் பெரியம்மா. கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது. அன்றைக்கே குடிதண்ணீர் பாட்டில்களின் அடியை வெட்டித் தட்டு மாதிரிக் கட்டினேன். சொட்டுவது குறைந்தது. முழுசாக நிற்கவில்லை. ஒரு கேனில் மட்டும் தட்டு சாய்ந்து சாய்ந்து நின்றது. சொன்ன வார்த்தையை நான் அத்தோடு மறந்துவிட்டேன்.

பிறகு ஜூன் வந்தது. மழைக்கு முன்னால் நம் சந்தில் எல்லாரும் என்ன செய்வார்கள்? நீலத் தார்ப்பாயை வாங்கி, தகரத்தின் மேலிருந்து கேலரியின் முன்பக்கம் வரைக்கும் இழுத்துக் கட்டுவார்கள். நானும் வருஷா வருஷம் கட்டுகிற மாதிரிக் கட்டினேன். மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. ரயில் நின்றது, பஸ் நின்றது, கார்கானாவுக்குள் முழங்கால் தண்ணீர். மழை பெய்கிறதே, செடிக்கு எதற்கு ஊற்ற வேண்டும் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். அம்மாவும் நான் ஊற்றுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். வெயிலும் இல்லை, காற்றும் இல்லை, தார்ப்பாய்க்குள் சொட்டுத் தண்ணீரும் இல்லை. ஒரு நாள் கேனை இறக்கிப் பார்த்தால் மண் பொரிகடலை மாதிரிக் காய்ந்து கிடக்கிறது. ஊரெல்லாம் வெள்ளம். நம் கொத்தமல்லி தாகத்தில் செத்துப் போனது. வெந்தயம் போனது, தக்காளி போனது. மிளகாயும் புதினாவும் மட்டும் எப்படியோ உயிரைப் பிடித்துக்கொண்டு நின்றன.

அம்மா செத்த செடிகளைப் பிடுங்கிவிட்டு, காலி கேன்களைத் துடைத்தாள். பண்டிகைக்கு இன்னும் மூன்று மாதம்தான் இருந்தது. "புடலை போடுவோம். அது சீக்கிரம் வந்துரும்," என்றாள். மாட்டுங்காவில் விதைக் கடைக்காரரிடம் புடலை என்றால் அவருக்குத் தெரியவில்லை. கையை நீளமாக விரித்துக் காட்டினேன். "அச்சா, படவல்!" என்றார்.

இருக்கிறதிலேயே பெரிய கேனை அதற்குக் கொடுத்தோம். தார்ப்பாயின் முன்பக்கத்தைச் சுருட்டிவிட்டேன். கொடி தகரத்தின் கம்பியைப் பிடித்து ஓடியது. சாயங்காலம் ஆனால் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். பூவின் ஓரமெல்லாம் நூல் பிரிந்த மாதிரி இருக்கும். நான் தையல்காரன் இல்லையா, முதலில் பார்த்தபோது யாரோ ஓரம் அடிக்காமல் விட்டுவிட்டார்கள் என்றுதான் தோன்றியது. பூத்தது எல்லாம் உதிர்ந்தது. நம் சந்துக்குப் பூச்சி வருவதில்லை போல. பெரியவளே, நீதான் பள்ளிக்கூடத்தில் படித்தேன் என்று சொல்லி, காது குடைகிற பஞ்சுக் குச்சியை எடுத்து, ஒரு பூவில் தொட்டு இன்னொரு பூவில் வைத்தாய். நாங்கள் சிரித்தோம். பத்துப் பூ போனது. ஒன்று பிடித்தது. ஒரே ஒரு பிஞ்சு.

பிஞ்சு விரல் நீளம் வந்ததும் அம்மா அடுத்த உத்தரவு போட்டாள். "கல்லு கட்டுங்க. இல்லன்னா சுருண்டுக்கும்." புடலங்காய்க்கு நுனியில் கல் கட்டித் தொங்கவிட்டால்தான் நேராக வளரும். அது எல்லாருக்கும் தெரியும். கல்லுக்கு எங்கே போவது? கார்கானா மெஷினில் இருந்து கழற்றிப் போட்ட ஒரு பெரிய இரும்பு நட்டு இருந்தது. அதை நூலில் கோத்துக் கட்டினேன். காய் நேராக இறங்க ஆரம்பித்தது. கேலரியின் கம்பிக்கு வெளியே, சந்தைப் பார்த்து.

அதிலிருந்து சந்தில் அதுதான் பேச்சு. பால்காரர் தலையில் நட்டு இடித்தது. தண்ணீர்க் குடத்தோடு போன பையன் ஒருவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே போய்க் கதவில் முட்டினான். பெரியம்மா தினமும் அப்பளத்தைப் பரப்பிவிட்டு அதை ஒரு பார்வை பார்ப்பார்.

"தம்பி, காய்க்கு மணி கட்டியிருக்கியளா, இல்ல எங்களுக்கு வெடி வச்சிருக்கியளா?"

"நேரா வளரணும்லாக்கா."

"நேராத்தான் வருது. லோக்கல் ட்ரெயின் மாதிரி நேரே எங்க வாசலுக்குல்லா வருது!"

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. காய் உடம்பெல்லாம் வெள்ளைக் கோடு ஓட, தொட்டால் சில்லென்று, நாளுக்கு நாள் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் நட்டு பெரியம்மா வீட்டு நிலைப்படிக்கு மேலே வந்து நின்றது. உங்கள் அம்மாவுக்கு அந்த நாட்களில் முகமே வேறு. அடுப்பில் வேலை செய்துகொண்டிருப்பாள், எழுந்துபோய் கேலரிக் கம்பி வழியாகக் குனிந்து பார்த்துவிட்டு வருவாள். வெள்ளைத் துணி ஒன்றைத் துவைத்து மடித்து எடுத்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அறுத்து, அந்தத் துணியில் வைத்து, பீடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நீளத்துக்கு ஏற்ற மாதிரி இரண்டு பேர் பிடிக்க வேண்டும் என்று உங்கள் இருவருக்கும் ஒத்திகைகூட நடந்தது.

சனிக்கிழமை அம்மா உங்களையும் கூட்டிக்கொண்டு கோயில் அலங்கரிக்கப் போய்விட்டாள். நான் கார்கானாவில். சாயங்காலம் எல்லாரும் சேர்ந்துதான் சந்துக்குள் நுழைந்தோம். ஏணியில் கால் வைக்கும்போது வழக்கம்போல நட்டு இடிக்காமல் இருக்கத் தலையைக் குனிந்தேன். குனிந்தது வீண். அங்கே ஒன்றும் இல்லை. மேலே காம்பு மட்டும் நின்றது, கத்தியால் சுத்தமாக அறுத்த காம்பு. ஏணியின் படியில் நட்டு, நூலோடு சுற்றி வைத்திருந்தது.

யார் களவாண்டது என்று கேட்க நான் வாயைத் திறக்குமுன் கீழ்வீட்டுக் கதவு திறந்தது. பெரியம்மா கையில் மூடி போட்ட கிண்ணம்.

"எம்மா, வந்துட்டியா? இந்தா, சூடா வாங்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டா முத்திப் போவும், நார் பாஞ்சிரும். அதான் இன்னைக்கே அறுத்துட்டேன். தேங்கா அரச்சு விட்டுக் கூட்டு வச்சேன். தம்பி சொன்ன வாக்கு மாறாதவரு. எறங்கி வாரது எனக்குன்னாரு, எறங்கி வந்துட்டு. ஆனா நான் மட்டும் தனியா திங்க மனசு வருமா? பிள்ளையளுக்குக் குடு."

கிண்ணத்தின் மூடியைத் திறந்தார். மணமாகத்தான் இருந்தது.

நான் உங்கள் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். "நல்ல மணமா இருக்குக்கா," என்றாள். அவ்வளவுதான். ஏணியில் ஏறி, நாம் எல்லாரும் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தினாள்.

பெரியவளே, நீ ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாய். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "நான் போய்க் கேக்கேன்," என்று கிளம்பினேன்.

"என்னத்தக் கேப்பிய? குடுத்த வாக்கையா?" என்றாள் அம்மா.

"நீ சொல்லியிருக்கலாம்லா, கோயிலுக்குன்னு?"

"சொன்னா அந்தக்காவுக்கு இந்தக் கூட்டு தொண்டைக்குள்ள எறங்குமா? ஆசையா செஞ்சு கொண்டாந்திருக்கு. நான் கெடந்தப்ப இந்தப் பிள்ளையளுக்கு யாரு சோறு போட்டா?"

நான் உட்கார்ந்தேன். அம்மா தட்டில் சோறு போட்டாள். கூட்டை எல்லாருக்கும் விட்டாள். சின்னவனே, நீ மட்டும் இரண்டாம் தரம் கேட்டாய். ஆனால் அம்மா தன் தட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. பிறகு கேலரிக்குப் போய், அறுத்த காம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் போனபோது முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "யாரு மேலயும் கோவமில்ல. சொன்னது ஒண்ணே ஒண்ணு. அதுவும் இல்லாம வெறுங்கையோட போய் நிக்கணுமேன்னுதான்," என்றாள்.

அவள் தலைக்கு மேலேயே மிளகாய்ச் செடி தொங்கியது. மழையில் தாகத்தோடு கிடந்து பிழைத்த செடி. தட்டு சாய்ந்து சொட்டுகிறதே, அந்தக் கேன். ஆறேழு பச்சை மிளகாயும், பழுக்க ஆரம்பித்த ஒன்றும் அதில் இருந்தன. அவளும் அதைப் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

"பறிச்சா ஒரு கையளவு வராது," என்றேன்.

"பறிக்க வேண்டாம். செடியோடயே கொண்டு போவோம்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கிளைக் கழற்றி, பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எண்ணெய்க் கேனும் மிளகாய்ச் செடியுமாக நான் ஏணியில் இறங்கினேன். பின்னால் நீங்கள் புதுத் துணியில். பெரியம்மா வாசலில் மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

"செடியத் தூக்கிட்டு எங்க போறிய? டாக்டர்ட்டயா?"

சின்னவனே, இப்போது உன் முறை. யாரும் உன் வாயைப் பொத்துமுன் நீ சொல்லிவிட்டாய்: "சாமிக்கு! சாமிக்கு வச்சிருந்த புடலங்காயத்தான் நீங்க கூட்டு வச்சுட்டியளே, பெரியம்மா!"

பெரியம்மாவின் கை மாவிலேயே நின்றுவிட்டது.

"என்னட்டி சொல்லுதான் இவன்? சாமிக்கு நேந்து விட்டதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. எறங்கி வந்தது உங்களுக்குத்தான்," என்றாள் அம்மா.

"நீ சும்மா இரு! நேத்து ஏன் சொல்லல? கிண்ணத்த வாங்கிட்டு மணமா இருக்குன்னு சொன்னியே! நேந்து விட்ட காய அறுத்து, தாளிச்சு, தின்னு ஏப்பமும் விட்டாச்சே, கோட்டிக்காரி நான்!" மாவுக் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனவர் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா இரண்டு தரம் தட்டினாள். திறக்கவில்லை. மணி அடிக்கிற நேரம் ஆகிவிட்டது. நாம் போனோம்.

கோயிலில் பீடத்துக்கு முன்னால் வழக்கம்போல மார்க்கெட் பூசணிக்காய்கள், தேங்காய், வாழைத்தார், கேக். நடுவில் நம் எண்ணெய்க் கேன். பக்கத்தில் இருந்த ஒருவர் என் காதில், "என்னவே, சாமான் வாங்க வந்தவரு பைய மறந்து வச்சிட்டுப் போன மாதிரி இருக்கு?" என்றார். அம்மா கேட்டும் கேட்காத மாதிரி நின்றாள். ஐயர், அதாவது நம் பாதிரியார், காணிக்கை ஜெபம் சொல்லி முடித்தபோது அவள் உதடு மட்டும் அசைந்தது. என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. முகம் தெளிந்திருந்தது.

திரும்பிப் பார்த்தால், கோயில் வாசலில் பெரியம்மா. தலைக்குக் குளித்து, நெற்றி நிறையத் திருநீறோடு, கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலை கட்டி, எவர்சில்வர் தாம்பாளத்தில் அப்பளத்தை அடுக்கி, மேலே ஒரு முழம் பூ வைத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியவில்லை. அம்மா எழுந்து ஓடினாள்.

"செருப்ப எங்க விடணும்? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவளே?" என்றார் பெரியம்மா. குசுகுசுவென்று பேசுவதாக நினைத்துக்கொண்டு கோயிலுக்கே கேட்கப் பேசினார். "என் கையால இட்டது. பொரிச்சா பொங்கி வரும். உங்க சாமி அப்பளம் திம்பாருல்லா?"

முன் வரிசையில் ஒரு பாட்டையா முதலில் சிரித்தார். அப்புறம் எல்லாரும். ஐயரும் சிரித்துக்கொண்டே கையை நீட்டி வாங்கினார். அப்பளத் தட்டு நம் கேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

பந்தலில் ஏலம் ஆரம்பித்ததும் பெரியம்மா முன்னால் வந்து நின்றுகொண்டார். அவருடைய அப்பளத்துக்குத்தான் அன்றைக்குப் போட்டி. பூசணிக்காயை யாரும் சீந்தவில்லை. அடுத்து நம் மிளகாய்ச் செடி. ஏலம் விடுகிறவர் கேனைத் தூக்கிப் பிடித்து ஒரு தொகை சொன்னார். பெரியம்மா உடனே அதற்கு மேல் ஒன்று கேட்டார். ஒருவர் ஏற்றினார், பெரியம்மா அதற்கு மேல் ஏற்றினார். அந்த ஆள் ஒதுங்கிவிட்டார். ஏலக்காரர் "ஒரு தரம்" என்றார். பெரியம்மா இன்னும் ஏற்றினார். "ரெண்டு தரம்" என்றார். பெரியம்மா மறுபடியும் ஏற்றினார்.

"எக்கா, நிறுத்துங்க! உங்க கேள்விதான் மேல நிக்கி. உங்களுக்கு எதிரா நீங்களே ஏத்துதிய!"

"இருக்கட்டும்யா. குத்தம் தீரணும்லா?" என்றார் பெரியம்மா.

பந்தல் முழுக்கச் சிரிப்பு. உங்கள் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து தூணைப் பிடித்துக்கொண்டாள். காமாலைக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான் சொல்ல வேண்டியிருந்த நன்றி எல்லாம் அதற்குத்தான் பிள்ளைகளே.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா ஸ்டூல் போட்டு ஏறி, அந்தக் கேனைத் தன் வாசலில் மாட்டினார். நம் கேலரியின் நேர் கீழே. எங்கே கட்டலாம் என்று நான் அளவு சொல்லப் போனேன். அவர் கேட்கவில்லை. மேலே அண்ணாந்து பார்த்து, எந்த இடத்தில் நம் தண்ணீர் சொட்டுமோ அந்த இடத்துக்கு நேராகப் பட்டையை இழுத்துக் கட்டினார்.

"இனிமே தட்டும் வேண்டாம், கிட்டும் வேண்டாம். மேல உங்க செடிக்கு ஊத்துங்க. மிச்சம் என் செடிக்கு. அப்பளத்த நான் அந்தப் பக்கம் தள்ளிப் போட்டுக்கிடுதேன்."

சின்னவனே, உன் கேள்விக்கு இதுதான் பதில். பெரியம்மா வீட்டில் தண்ணீர் வருகிறது. ஆனால் அந்தச் செடிக்கு மேலே இருந்து ஊற்றுவது நம் வேலை. இப்போது தொங்குவது அந்தப் பழைய செடி இல்லை. அதன் விதையிலிருந்து வந்தது. பட்டை மட்டும் அதே பட்டை. பக்கிள் துருப்பிடித்துவிட்டது, மாற்ற வேண்டும்.

இந்த வருஷமும் புடலை போட்டிருக்கிறோம். பெரியவளின் பஞ்சுக் குச்சிக்கு இரண்டு பிஞ்சு பிடித்திருக்கிறது. ஒன்றை அம்மா கேலரிக்குள்ளேயே விட்டு, கோயிலுக்கு என்று கம்பியில் தூக்கிக் கட்டிவிட்டாள். அது சுருண்டுகொண்டுதான் வளர்கிறது, பரவாயில்லை. இன்னொன்றுக்கு அதே நட்டைக் கட்டி வெளியே இறக்கிவிட்டிருக்கிறோம். அது யாருக்கு என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. பெரியம்மா தினமும் அதற்குத் தலையைக் குனிந்துகொண்டுதான் வாசல் பெருக்குகிறார்.